கட்டியவர் பிரிக்கக் கூடாது

ஹெல்சிங்கி, வெள்ளிக்கிழமை

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இந்த வாரம் எங்கள் மென்பொருளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதன் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தேடிச் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை எழுதியது நான்தான். என் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. முள்ளிப்பட்டுத் தறிகளிலிருந்து வந்த சேலைகளை மூட்டை கட்டியதும், "நானே கட்டிகினு நானே பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். நீ பிரிச்சிப் பாரு" என்று என்னிடம் தள்ளுவீர்களே! மாம்பழ நிறச் சேலை விட்டுப்போனதை நான்தானே கண்டுபிடித்தேன்?

அதனால் ஒன்றுமே ஏற்றாத புதுக் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்கும்படி பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். ஓடவே இல்லை! ஒரு சின்னக் கோப்பு மூட்டையில் சேரவில்லை. என் கம்ப்யூட்டரில் அது முன்பே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. இனி கட்டாதவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அதற்கு ‘ஆரணி சோதனை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஃபின்லாந்துக்காரர் வாயில் நம் ஊர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை அரைத்த சாம்பார்த்தூளும் உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பார்சலை நீங்களே கட்டுங்கள், நான் பிரித்துப் பார்க்கிறேன். சட்டை மட்டும் வரும்; அதில் என்ன விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

உங்கள்
சிவசங்கரி