வலியைத்தான் நிறுத்தச் சொன்னாய்

மதினி, குமுளியில் உன் வழக்கு விசாரணை நடக்கும் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் யாரோ பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், உன் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் அறை வாசலில் நின்ற அந்த நாள் வந்து நின்றது.  கூப்பிடும் வரை உனக்கு எழுதுகிறேன்.

ஈர ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே என்னை வம்புக்கு இழுப்பவள் நீ. அன்று உள்ளே நீ போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சிஸ்டர் மலையாளத்தில் கேட்டாள்: "நிர்த்தட்டே?"

நீ சொன்னாய்: "நிறுத்துங்க தாயி, தாங்க முடியல."

வலியைத்தான் கேட்கிறாள் என்று நானும் நினைத்தேன். பிள்ளைப்பேற்றையே நிறுத்தட்டுமா என்று கேட்டிருக்கிறாள். சர்க்காரின் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

பிள்ளை மூச்சில்லாமல் வந்தது. வயிற்றில் தையல் எதற்கு என்று கேட்டதற்குப் பிள்ளையை எடுத்த காயம் என்றார்கள். வருஷங்கள் கழித்து, தேனியில் ஒரு டாக்டரம்மா பார்த்துச் சொல்லித்தான், அன்றே உன் கருக்குழாயை அறுத்துக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்குள் என் அண்ணன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். "உங்க அண்ணன் தொட்டில் கட்ட விட்டம் தேடிப் போயிருக்காக" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சாவுக்கும் நான் போகவில்லை.

"நான் சம்மதிக்கலைன்னு ஒரு ஆபீசர் வாயால கேட்டுட்டுத்தான் போவேன்" என்பாய். கேட்காமலே போய்விட்டாய்.

காலையில் நம் வக்கீல் பொண்ணு சொன்னாள்: "பாட்டி, 'நிறுத்துங்க'ன்னு அவங்க சொன்ன அந்த வார்த்தைய மட்டும் விட்டுருங்க. அதையே சம்மதம்னு பிடிச்சுக்குவாங்க."

"அவ சொன்னத விட்டுட்டு நான் எதத் தாயி சொல்ல?" என்றேன்.

ஆனால் சொன்னால், தமிழை மலையாளத்தில் மாற்றிச் சொல்ல அங்கே வைத்திருக்கும் ஆளும் 'நிர்த்து' என்றுதானே சொல்வான்? அந்த ஒரு சொல் உன்னை இரண்டாம் முறையும் அறுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்த சிஸ்டர் மேல் இருந்த ஆத்திரத்தில் இத்தனை காலம் நான் மலையாளம் பேசியதில்லை. கடையில் கூட விரல் நீட்டித்தான் சாமான் வாங்குவேன். இன்று பக்கத்தில் இருக்கும் மலையாளத்து அம்மாவிடம் கேட்டு ஒரு வரி வாங்கிக்கொண்டேன்: 'வேதன நிர்த்தானாணு பறஞ்ஞது.' வலியை நிறுத்தத்தான் சொன்னாள் என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு தடுக்குகிறது.

உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம், மதினி. கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டியவள் நான்.