கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

ஐப்பசி 22, 1969
விடாத தூறல். கோட்டையூர் பஸ் அரைமணி தாமதம். கல்லூரிக்குள் நுழையும்போது புடவைக் கரையெல்லாம் சேறு.

செய்ய வேண்டியவை: இரும்பு மாத்திரை வாங்க. அம்மாவுக்குக் கடிதம். செய்முறை வகுப்புக்குத் தவளைக்குஞ்சு.

எங்கள் குடிதண்ணீர் ஊருணியில் பிடித்த தலைப்பிரட்டைகள் இரண்டு தொட்டிகளில். தொ.1 கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர். அதை நிரப்பியதும் கிணற்று வாளிக் கயிறு அறுந்துபோனது. தொ.2-க்குக் குடத்தில் கொண்டுவந்த ஊருணித் தண்ணீரே.

கார்த்திகை 8
தொ.1: எல்லாவற்றுக்கும் பின்னங்கால். தொ.2: ஒன்றுக்குக்கூட இல்லை. தின்று கொழுத்து, வாலை ஆட்டிக்கொண்டு. அதே தீனி, அதே ஜன்னல். தண்ணீர் மட்டும் வேறு.

கழுத்துச் சுரப்பி தைராய்டு சுரக்காவிட்டால் தலைப்பிரட்டை தவளையாகாது; குழந்தைக்கு மூளை வளராது. போன வாரம்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன். ஆறாம் மாதம். பயமாக இருக்கிறது.

கார்த்திகை 9
ஊருணிக் காவல்காரர் கருப்பையாவிடம் விசாரித்தேன். செருப்புக் காலோடு யாரையும் இறங்க விடாத மனுஷர். பெருமையாகச் சொன்னார்:

"தண்ணில புழு நெளிஞ்சுச்சு டீச்சரம்மா. வயலுக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடந்துச்சு. வாராவாரம் ஒரு கை தூவுறேன்."

"அது விஷமில்லையா?"

"என்ன இப்படிச் சொல்றீக? மருந்துன்னுதானே பேரு. குடிக்கிற தண்ணில வெசத்தப் போடுவேனா?"

மருந்து. நானும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். திட்ட வாய் வரவில்லை. இனிப் போடமாட்டாராம். முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

கார்த்திகை 10
தொ.2 தலைப்பிரட்டைகளில் பாதியை எடுத்துத் தொ.3. அதே ஊருணித் தண்ணீர். கூடவே தைராய்டு மாத்திரை, துளி. கால் வந்தால், அந்த மருந்துப் பொடி தைராய்டைத் தடுக்கிறது என்ற என் சந்தேகம் சரி. வரக்கூடாது சாமி.

இத்தனை நாளும் காய்ச்சித்தான் குடித்தேன். காய்ச்சினால் கிருமி சாகும். பொடி?

கார்த்திகை 12
லேடி டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். "சும்மா மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. நிறையத் தண்ணி குடிங்க." சிரிப்பு வந்தது. வெளியே வந்து அழுதேன்.

வீட்டில் இவர்: "தவளைக்குக் கால் வரலைன்னா நமக்கென்ன?"

கார்த்திகை 13
காலையில் சைக்கிளைக் காணோம். குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளத்தூர் கிணற்றுக்குப் போயிருக்கிறார். வந்ததும் குடத்தை அடுப்படியில் இறக்கிவைத்தார். ஒரு செம்பு மொண்டு குடித்தேன்.

கார்த்திகை 17
நல்ல வெயில். கயிறு மாற்றியாயிற்று. தொ.2 அப்படியே. தொ.3-ஐ மாணவிகள்தான் முதலில் பார்த்தார்கள். "மிஸ், கால் வந்துருச்சு! எல்லாத்துக்கும்!" கைதட்டினார்கள். நான் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

அப்போது வயிற்றுக்குள் ஓர் உதை. கால் இருக்கிறது. கழுத்துச் சுரப்பி, மூளை, மற்றதெல்லாம்?

இன்னொரு தரம் உதை.