முதல் ஊசி

7-11-64
பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது, எங்கள் தாராவிச் சந்தில் முனிசிபாலிட்டி நர்ஸ் குழந்தைகளுக்கு ட்ரிப்பிள் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். தொண்டை அடைப்பான் வராமல் தடுக்கும் ஊசி. கொழுந்தன் மனைவி செண்பகவல்லி மட்டும் மகள் பேராச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

"மொத ஊசி சாஸ்தா கோயில்ல காது குத்துறப்பதான்னு நேந்திருக்கேன்க்கா. பங்குனி உத்திரம் வரட்டும்."

பக்கத்துச் சந்தில் ஒரு பிள்ளைக்கு வந்திருக்கிறதே என்றேன்.

"நீங்க படிச்சவிய, பேசுவிய. வயித்துலயே ரெண்ட பறிகுடுத்தவ நாந்தான?"

பிள்ளை பெறாதவள் நான்.

20-12-64
கொழுந்தன் சொரிமுத்து தோடு வாங்கி வந்திருக்கிறான். மிளகளவு. பேராச்சி ஒன்றை என் காதில் ஒட்டவைத்துப் பார்த்து, "பெரிம்மாக்கு!" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

என் வீட்டுக்காரரிடம் மறுபடி ஊசிப் பேச்சை எடுத்தேன். "அவ பிள்ள. நீ சும்மா இரி."

சும்மா இருக்கிறேன் — இது மரியாதையா, பயமா?

17-1-65
பேராச்சிக்குக் காய்ச்சல். குரல் கம்மிவிட்டது. சளிதான் என்கிறாள் செண்பகம்.

19-1-65
கழுத்து வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்தேன் — தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல். யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்ஸியில் செண்பகமும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்ததும் தடுப்பாள் என்று நினைத்தேன். அவளே பிள்ளையின் காலை அழுத்திப் பிடித்தாள். தெரிந்த இந்தியில் கெஞ்சினாள்: "டாலோ சிஸ்டர், கித்னா பி டாலோ." எத்தனை வேண்டுமானாலும் போடட்டுமாம்.

முந்தாநாளே வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டர்.

21-1-65
பேராச்சி இல்லை.

17-3-65
பங்குனி உத்திரம். யாரும் ஊருக்குப் போகவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செண்பகம் தலை நிமிராமல் கேட்டாள்.

"சாஸ்தா கேக்கலியேக்கா. நானாத்தான நேந்தேன்?"

நானும் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

14-6-66
செண்பகத்தின் மூன்று மாதப் பையனுக்கு இன்று ஊசி. அவள்தான் என்னைக் கிளப்பினாள். "எந்திங்கக்கா, கூட்டம் சேந்துரும்." முறை வந்ததும் பிள்ளையை என் மடியில் போட்டாள். "நீங்க பிடிங்க. ஒங்களுக்குத்தான் கை நடுங்காது."

காலை அழுத்திப் பிடித்தேன். அவன் வீரிட்டான். அழுகை ஓயுமுன்பே, அடுத்த ஊசி எப்போது என்று செண்பகம் நர்ஸிடம் கேட்டாள்.

கேட்கும்போதும் முந்தானை முடிச்சை விடாமல் பிடித்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். மிளகளவுத் தோடுதான்.