நூறு கோடியில் நாலு

8-2-99
வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். இன்றைக்கு வேங்கிக்கால் விவசாய ஆபீஸ் மீட்டிங்கில் தூங்கிவிட்டேன். தூங்கினது மட்டுமில்லை, குறட்டை. குடோனில் பருப்பு பொறுக்குகிற வெள்ளையம்மா விலாவில் குத்தி எழுப்பினாள். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்தால் நான் என்ன செய்வேன்?

தூக்கத்துக்கு முன்னால் காதில் விழுந்தது இது. எங்கள் குடோனில் இருந்து ஐரோப்பாவுக்கு மல்லாட்டைப் பருப்பு போகிறது, ஆபீஸ் பாஷையில் நிலக்கடலை. பருப்பில் பூஞ்சை பிடித்தால் ஒரு விஷம் வருமாம். கண்ணுக்குத் தெரியாது. நூறு கோடி பங்கில் நாலு பங்குக்கு மேல் இருந்தால் உள்ளே விடக்கூடாது என்று அங்கே பதினைந்து நாடும் சேர்ந்து ஒரே சட்டமாகப் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டு ஜனமே நூறு கோடி ஆகப்போகிறது. அத்தனை பேரில் நாலு பேர் கெட்டவன் இருக்கலாம், அஞ்சாவது ஆள் கூடாது. எங்கள் தெருவிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்.

ஆபீசர் சொன்னார்: "உலக வியாபார ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கும்மா. உள்ளூர்க்காரன் சரக்குக்கு ஒரு சட்டம், வெளியூர்க்காரன் சரக்குக்கு ஒரு சட்டம்னு போட முடியாது. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அவங்க ஊர்ல மல்லாட்ட வெளையுதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா வெளையும்? குளிர் நாடு."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் தூங்கினேன்.

9-2-99
சாயங்காலம் காயில் தண்ணீர் தெளித்தேன். தெளித்துச் சாக்குப் போட்டு மூடி வைத்தால்தான் மறுநாள் மிஷினில் உடைக்கும்போது பருப்பு ரெண்டாகப் பிளக்காது. வெளிநாட்டுக்காரனுக்கு முழுப் பருப்புதான் வேண்டும். இருபது வருஷமாக அது என் வேலை.

வெள்ளையம்மா வந்து நின்றாள். "அக்கா, தண்ணி தெளிக்கவே கூடாதுன்னு நேத்து சொன்னாங்களே."

"யாரு, உன் ஆபீசரா? அவரு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தியே, வீட்டுக்காரர் கிட்ட சொல்லட்டுமா?"

பருப்பு பொறுக்குகிற பதினாலு பேரில் பதின்மூணு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் செத்துப் போச்சு. போய்ப் பொறுக்க உட்கார்ந்தாள்.

17-2-99
கன்டெய்னர் கிளம்பியது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்.

6-4-99
ஹாலந்து துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். நாலு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருக்கிறதாம். முதலாளி சகாதேவன் ஃபேக்ஸ் தாளோடு எடை மிஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுபத்தொன்பது கிலோ காட்டியது.

"பாத்துப் பாத்து வாங்கின காய், தங்கம்மா. எங்க ஈரம் பட்டுச்சி?"

ஈரமா —

வெள்ளையம்மா என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிக்கினே இருந்தா. பாத்திருந்தாகூட தேவலை.

7-4-99
வேலைக்குப் போனேன். யாரையும் கிண்டல் பண்ணவில்லை. உடம்புக்கு என்ன என்று மூணு பேர் கேட்டார்கள்.

11-4-99
முதலாளிகிட்ட சொல்லிட்டேன். மீட்டிங்குல தூங்கினது, வெள்ளையம்மா சொன்னது, நான் அவ வாயை அடைச்சது, எல்லாம். "தெளிக்கச் சொல்லி வெச்சதே நான்தானே"ன்னார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

வெள்ளையம்மாவுக்கு என்ன சொல்லுவது? டீ வாங்கிக் கொடுத்தேன். "சக்கரை கம்மி"ன்னா.

2-6-99
சரக்கு திரும்பி வந்துவிட்டது. ஆபீசர் வந்து பார்த்தார். நம் சட்டத்தில் அளவு முப்பதாம். அப்படியானால் இருபத்திரண்டு பாஸ், இங்கேயே விற்கலாம்.

"அவங்க வயித்துக்கு விஷம், நம்ம வயித்துக்கு இல்லைங்களா சார்?"

"இது நம்ம சட்டம்மா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் எண்ணெய் மில்லுக்குப் போனது. மில்லுக்குப் பொறுக்கித் தர வேண்டியதில்லை. நாளையிலிருந்து எட்டு பேர் வேண்டாம். அதைப் போய்ச் சொல்லுகிற வேலை எனக்கு. எட்டில் வெள்ளையம்மாவும் ஒருத்தி. அவளுக்குப் பதில் நான் நின்னுக்கறேன்னு கேட்டுப் பார்த்தேன், முதலாளி ஒத்துக்கல. நான் கிட்டப் போறதுக்குள்ள டிபன் டப்பாவை எடுத்துக்கினு எழுந்துட்டா.

இருபது வருஷத்தில் இவ்வளவு அலுப்பு வந்ததில்லை.

14-12-99
புதுக் காய் வந்திருக்கிறது. முதலாளி இன்னும் ஒரே ஒரு கன்டெய்னர் அனுப்பிப் பார்க்கிறார். எட்டு பேரும் திரும்ப வந்துவிட்டார்கள். காய் காய்ந்ததா இல்லையா என்று சொல்லுவது இப்போது வெள்ளையம்மா. காதுகிட்ட வைத்து ஆட்டி, உள்ளே பருப்பு கலகலக்கிறதா என்று பார்த்து அவள் சரி என்றால்தான் நான் மிஷினில் போடலாம். ரெண்டு தடவை வேண்டாம் என்றாள். போடவில்லை.

வேங்கிக்கால் மீட்டிங்கில் இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். நின்றுகொண்டே பேசினேன், அதனால் தூங்கவில்லை. காயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று கையை வீசிச் சொன்னபோது மேஜையில் இருந்த ஜக் சாய்ந்தது. சோதனைக்கு அனுப்ப வைத்திருந்த எங்கள் குடோன் காய் சாம்பிள் முழுக்க நனைந்தது. வெள்ளையம்மா ஒன்று எடுத்து ஆட்டிப் பார்த்து வேண்டாம் என்றாள். ஆபீஸ் மாடியில் காய வைத்திருக்கிறோம். காக்கா ஜாஸ்தி.