கண்ணாடி வேண்டாமென்ற மதினிக்கு

என் அருமை மதினி,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்த சபைக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேசினேன். நம்பமாட்டீர்கள். ஆபீஸ் மீட்டிங்கில்கூட மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆள் நான். அன்றைக்கு என் குரல்கூட நடுங்கவில்லை. என்ன பேசினேன், ஏன் பேசினேன் என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அந்தப் பேச்சு ஆரம்பித்ததே உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

உங்கள் தாபோடி வீட்டின் உள்ளறையில் நீங்கள் படுத்திருந்த மாதங்களில் பார்க்க வராதவர்கள் இல்லை. புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். பாசிட்டிவாக இருங்கள், கெட்டதை நினைக்காதீர்கள், மனசுதான் பெரிய மருந்து. வேலை முடிந்து ஹடப்சரிலிருந்து நான் வந்து சேரும்போது, அந்தச் சிரிப்புகளுக்கெல்லாம் பதிலுக்குச் சிரித்தே களைத்துப்போய்க் கிடப்பீர்கள்.

நம் சபைச் செயலாளர் ராஜன் அண்ணன் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நல்ல மனுஷன். உங்களை ஆஸ்பத்திரிக்குத் தன் காரிலேயே எத்தனை தடவை கூட்டிப்போனார். ஏதோ மனப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்த புதிது அவருக்கு. ஒரு சின்னக் கைக்கண்ணாடியை உங்கள் கையில் கொடுத்தார்.

"சிஸ்டர், தினமும் காலையில இதப் பாத்து, 'நான் நல்லா இருக்கேன், எனக்குள்ள பெரிய சக்தி இருக்கு'ன்னு சத்தமாச் சொல்லுங்க. நாம என்ன நம்புறோமோ அதுவாவே ஆயிடுவோம்."

நீங்கள் கண்ணாடியைப் பார்த்தீர்கள். முடியெல்லாம் போன தலை, உள்ளே போன கண்கள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தீர்கள்.

"அண்ணே, இதுல என் மூஞ்சிதான் தெரியுது. எனக்குள்ள சக்தி இல்லண்ணே. இருந்தா நான் எதுக்குக் கர்த்தரக் கூப்பிடுதேன்? நீங்க வந்ததே சந்தோஷம். காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏட்டி சுகந்தி, வேதத்த எடு. சிரிக்காத இடமாப் பாத்து வாசி."

சிரிக்காத இடம்! எனக்குத் தெரிந்ததெல்லாம் வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிற வசனங்கள்தான். தேடித் தேடிக் கடைசியில் ஒரு சங்கீதத்தை வாசித்தேன். எழுதியவன் ஆரம்பத்திலிருந்து கூப்பிடுகிறான், கெஞ்சுகிறான், சண்டை பிடிக்கிறான். கடைசி வரியிலும் இருட்டில்தான் நிற்கிறான். ஒரு ஆறுதல் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் ஏதாவது ஸ்தோத்திரம் கிடைக்குமா என்று திருப்பப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அங்கனயே நிறுத்து. இது போதும். ஒருத்தன் இருட்டுலயே முடிச்சிருக்கான். அதையும் கிழிச்சுப் போடாம அவரு தம் புஸ்தகத்துல வச்சிருக்காரு பாத்தியா? அப்ப என்னையும் வச்சிருப்பாரு."

அதற்குப் பிறகு அன்று நீங்கள் யாருக்காகவும் சிரிக்கவில்லை. அழுதீர்கள், அப்புறம் தூங்கினீர்கள்.

இதைச் சொல்லும்போது சிலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மாத்திரையைக்கூட நீங்கள் வேண்டாமென்று தள்ளியதில்லை. "உடம்ப டாக்டர் பாக்கட்டும், அது அவிய படிச்ச படிப்பு. நான் யாரு, எங்க போறேன்னு சொல்ல அவியளால ஆகாது" என்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. எங்களுக்குத்தான் இருந்தது.

நீங்கள் போனபின் என் அண்ணன் கல்லாகிவிட்டான் மதினி. சாகணில் அவன் வேலை பார்க்கும் ஃபாக்டரியில் அக்கறையோடு ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பொறுமையான பெண். துக்கத்துக்குப் படிகள் உண்டு, நீங்கள் இப்போது இன்ன படியில் நிற்கிறீர்கள், மெதுவாக மேலே ஏறலாம் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டான்.

"ஏட்டி, மேல ஏறினா அங்கன அவ இருப்பாளா?"

உங்களிடம் இதற்குப் பதில் இருந்திருக்கும்.

உங்கள் மகள் பிரின்ஸி வேறு மாதிரி. காலேஜ், ஃபோன், கதவைச் சாத்திய அறை. சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு பாதித் தட்டில் நின்றது. ஒருநாள் கேட்டதற்கு, "அத்தை, இத்னா ப்ரே கியா நா, இவ்ளோ ஜெபம் பண்ணோமே? என்ன ஆச்சு? ப்ளீஸ், வசனம் மட்டும் சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் போல அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் சொன்னவள், கதவுக்கு வெளியே நிற்பதைத் தவிர வேறு வழி தெரியாமல் நின்றேன்.

இந்த நிலைமையில்தான் கூட்டம் வந்தது. நீங்கள் ஆரம்பித்து வைத்த வெள்ளிக்கிழமை வேத வாசிப்புக்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள், உண்மைதான். அதை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் மனப் பயிற்சி வகுப்பு வைக்கலாம், பயிற்சியாளர் ஒருவர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று ராஜன் அண்ணன் சொன்னார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு டென்ஷன், டிப்ரஷன். வெறும் வாசிப்பு எப்படிப் போதும்?"

நான் எழுந்தேன்.

"அண்ணே, தூக்கம் வராதவங்க, மனசு சரியில்லாதவங்க டாக்டர்கிட்ட போகட்டும். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா நீங்க கொண்டுவாறது மருந்து இல்ல, இன்னொரு சுவிசேஷம். உனக்கு நீயே போதும்னு சொல்லுது. எங்க மதினி சாகக் கிடந்தப்போ அவங்களுக்கு அவங்க போதல. எனக்கும் நான் போதல. சபையில வேதத்த மூடிட்டு இத எப்படித் திறப்பீங்க?"

"ரெண்டையும் சேத்தே பண்ணலாமேம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"அது இருக்கிற நேரத்த எடுத்துத்தான அய்யா இதுக்குக் குடுக்கீங்க?"

கை தூக்கச் சொன்னார்கள். நாங்கள் தோற்றோம். வாசிப்பு நடந்த சபை ஹால் அவர்களுக்குப் போனது. ராஜன் அண்ணனுக்கு என்மேல் கோபமில்லை, எனக்கும் அவர்மேல் இல்லை. வெளியே வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தேன். ஆனால் கூட்டத்தில் நான் உட்காருவதற்கு முன்னாலேயே ஒன்று சொல்லிவிட்டேன்: "அப்போ வெள்ளிக்கிழமை வாசிப்பு எங்க அண்ணன் வீட்டுல நடக்கும்."

அண்ணனிடம் கேட்கவே இல்லை மதினி! கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். முறைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் சோஃபாவைச் சுவரோரம் தள்ளிப்போட்டான். நீங்கள் போனபிறகு அந்த வீட்டில் அவன் நகர்த்திய முதல் பொருள் அது.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். மழை வேறு. பிரின்ஸி காதில் இயர்ஃபோனோடு அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். தேவனே, எத்தனை காலம் இப்படி முகத்தை மறைத்துக்கொள்வீர், என்னை மறந்தே போனீரா என்று ஒருவன் நேருக்கு நேர் கேட்கிற பகுதி. பாதியில் நிமிர்ந்து பார்த்தால் அடுக்களை வாசலில் நிற்கிறாள், இயர்ஃபோன் கையில்.

"அத்தை, யே பைபிள்ல இருக்கா? சச்சி, நெஜமாவா?"

"இருக்கு. வா, பாரு."

இந்த மராத்தி ஊரிலேயே வளர்ந்த அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். "இப்டி எல்லாம் கேக்கலாமா? பாவம் இல்லையா?"

"கேட்டவன் கேள்விய அவரே எழுதி வாங்கி வச்சிருக்காரு. நீயும் கேளு."

வசனத்திலிருந்து விரலை எடுத்தாள். பிறகு, அவளுக்கு எந்த பாஷையில் அழ வருமோ அந்த பாஷையில் கேட்டாள். "மேரீ மம்மி கோ க்யூன் லே லியா?" என் அம்மாவை ஏன் எடுத்துக்கொண்டீர்? கூரையைப் பார்த்துக் கத்தினாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, அடக்கவுமில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அடக்கத்தன்றுகூட அழாத அண்ணன், சுவரில் சாய்ந்தபடியே உடைந்துபோனான். "நானும் அதத்தான் கேக்கேன் ஆண்டவரே. நானும் அதத்தான் கேக்கேன்."

அப்பாவும் மகளும் உங்களுக்காக ஒன்றாக அழுதது அதுதான் முதல் தடவை.

பதில் வந்ததா என்றால், இல்லை மதினி. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அவர்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தட்டு காலியானது, அவ்வளவுதான். சபையில் இப்போதும் என்னைப் பிடிவாதக்காரி என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். உங்களுக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டதா? இல்லை, அவருடைய முகத்தைப் பார்த்ததும் கேள்வியே மறந்துபோயிற்றா?

இனி ஒவ்வொரு வெள்ளியும் அந்த வீடு திறந்திருக்கும். பத்துப் பேர் வந்தாலும் ஒருத்தர் வந்தாலும், யாருமே வராமல் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தாலும். எதிர்வீட்டு மராத்திக்கார அக்கா தானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்; அவளுக்காக மராத்தியில் வாசிக்கும் பொறுப்பைப் பிரின்ஸி எடுத்துக்கொண்டாள். எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் கர்த்தருடைய இந்த மௌனத்தை நிரப்பமாட்டோம். அவர் பதில் சொல்லும்வரை, அவருடைய வார்த்தையை அவருக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருப்போம். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மகளுக்கு அத்தையாகவும்
உங்களுக்கு என்றும் நாத்தனாராகவும் இருக்கிற,
சுகந்தி