ஊறிய களிமண்

9 ஜனவரி 2025, வியாழன்

இன்றும் அறுந்துவிட்டது.

மரவள்ளி மாவையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் பிளாஸ்டிக் தாள் கிடைக்கிறது. அதில் ஒரு துண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஆறு டம்ளர் தாங்கியது. களிமண் பொடி கலந்த துண்டு நாலிலேயே போய்விட்டது. கிழிந்த இடத்தில் எப்போதும் ஒரு கட்டி. களிமண் சேர்த்தால் உறுதி கூடும் என்றுதானே படித்தேன்?

சயின்ஸ் டீச்சர் சேதுலட்சுமி மிஸ் சொல்லிவிட்டார்: “இருவத்திநாலாம் தேதிக்குள்ள இது ஜெயிக்கலைன்னா சயின்ஸ் கண்காட்சிக்கு சந்தோஷ்குமார் டீம்தான் போகும். ஸ்கூலுக்கு ஒரு எடந்தான்.”

10 ஜனவரி

மீதமிருந்த பென்டனைட் களிமண் முழுவதையும் என் டீமில் இருக்கும் ஷர்லியிடம் கொடுத்தேன். கரைத்து, கட்டியை வடிகட்டி, சாயங்காலத்துக்குள் காயப்போட வேண்டும். “போறதுக்குள்ள முடிச்சிருவேன், நீ கெளம்பு” என்றாள்.

20 ஜனவரி, திங்கள்

வடிகட்டவே இல்லை. பொங்கல் லீவு முழுக்க மண் லேபில் வாளித் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. உப்பிப் போய், கஞ்சி மாதிரி. ஷர்லி பொன்னமராவதியில் அத்தை வீட்டில் இருந்திருக்கிறாள்.

“மறந்தே போச்சுடி. ஊருல ஜல்லிக்கட்டு.”

“ஒனக்கு மாடுதான் முக்கியம்.”

“ஆமா. நீ மட்டுந்தான் விஞ்ஞானி. நான் வாளி தூக்க வந்தவ.”

பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள். வேறு மண் இல்லை. அந்தக் கஞ்சியையே மாவில் கலந்து காய்ச்சி ஊற்றினேன். என்ன ஆகப்போகிறதோ.

21 ஜனவரி

இன்றும் ஷர்லி அந்த பெஞ்சில்தான்.

23 ஜனவரி

அறுந்துபோகவில்லை! வாளிதான் நிரம்பியது.

தாளில் ஒரு கட்டி கூட இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது. மிஸ்ஸிடம் ஓடினேன். இந்தக் களிமண் அப்பளக் கட்டு மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காய் இருக்குமாம். ஒரு அடுக்கின் கனம் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உலர்ந்த பொடியைப் போட்டால் கட்டு கட்டாகவே நிற்கும், அங்கேதான் கிழியும். தண்ணீர் உள்ளே புகுந்து ஊறினால் அடுக்குகள் பிரிந்து தாள் முழுக்கப் பரவும். நான் சொன்னபடி ஷர்லி காயவைத்திருந்தால் மறுபடி கட்டாகியிருக்கும்.

ஷர்லியிடம் போனேன்.

“வந்து பாரேன்.”

“நீயே பாத்துக்க.”

“மாடுதான் முக்கியம்னு சொன்னது தப்புடி. வா.”

எழுந்து வந்தாள். தாளை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். “இதுக்குத்தான் மறந்தேன்” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை, இருவருக்கும்.

24 ஜனவரி

மிஸ் இன்னும் மூன்று துண்டுகளை அவரே சோதித்தார். நாங்கள்தான் போகிறோம். அப்பாடா.

31 ஜனவரி

புதுக்கோட்டையில் கண்காட்சி. ஷர்லி விளக்கினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். நடுவர்களிடம் ஓரிடத்தில் கிளிசரின் அளவைத் தப்பாகச் சொன்னாள். திருத்தாமல் அடுத்த டம்ளரை ஊற்றினேன்.