இரண்டு ‘உடன்பிறப்பு’ நம்பர்கள்

2005 மே 19, வியாழன்

உப்பளத்தில் காலையில் மயங்கி விழுந்த முருகையன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். வீட்டுக்குச் சொல்ல ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதில் தொழிலாளிகளின் அண்ணன், தங்கை என்று பிரிக்காமல் எல்லோரையும் ‘உடன்பிறப்பு’ என்று ஏற்றிய பாவி நான்தான். பெயர்கூடப் போடவில்லை. அவனுக்கு அப்படி இரண்டு நம்பர்கள் இருந்தன.

முதல் நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். அது அண்ணன் நம்பர், எடுத்தது அவர் மனைவி என்று நினைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“நான் அவரு தங்கச்சிங்க,” என்றாள். பக்கத்தில் பச்சைக் குழந்தை அழுதது. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நம்பரைப் போட்டேன். அண்ணன் எடுத்தார். கேட்டுவிட்டு வெகுநேரம் அழுதார்.

“தங்கச்சிக்கு மட்டும் இப்ப சொல்லிடாதீங்க. புள்ள பெத்து நாலு நாளுதான் ஆவுது, தாங்க மாட்டா.”

“சரிங்க” என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.